எழுத்தை வைத்து எலிமென்ட் தேடுவது: கைபேசிச் செயலிச் சோதனையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் கிளிநொச்சி அறிவியல் நகரிலும் படித்துவிட்டு, ஊரிலிருந்தபடியே மென்பொருள் சோதனை வேலை பார்க்கிற பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. செயலியைக் கையால் தட்டாமல் ஒரு கருவியால் ஓட்டிச் சோதிக்கும்போது, திரையிலுள்ள பொத்தான், பெட்டி போன்ற உறுப்பை (எலிமென்ட்) அதில் தெரியும் எழுத்தைச் சொல்லித் தேடச் சொல்வது பற்றியவை. பதில்களில் ஒரே செயலியை உதாரணமாக எடுக்கிறேன். கமக்காரர் ஒருவர் மாவட்டம், ஊர், நெல் வகை, மூடைக் கணக்கு எல்லாம் நிரப்பி, கடைசியில் ‘பதிவு செய்க’ என்ற பொத்தானை அழுத்துகிறார். அப்படி ஒரு செயலி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தால் தேடு என்று சொன்னால் கருவி உண்மையில் எங்கே தேடுகிறது?

திரையில் தேடுவதில்லை. இதைப் பிடித்துக்கொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகள் தேவைப்படாது.

பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துச் சொல்வதற்காக அண்ட்ராய்டும் ஐஓஎஸ்ஸும் திரையில் உள்ளவற்றை ஒரு மரமாக அடுக்கி வைத்திருக்கின்றன. பொத்தான், பெட்டி, தலைப்பு ஒவ்வொன்றும் அதில் ஒரு கணு. அந்தக் கணுவில் அதன் வகை, இருக்கும் இடம், அடையாளப் பெயர் (டெவலப்பர் நிரலில் வைத்த ஐடி), எழுத்து (திரையில் தெரியும் வாசகம்), விவரிப்பு (திரை வாசிப்பானுக்கான விளக்கம்) எல்லாம் இருக்கும். அண்ட்ராய்டின் யூஐஆட்டோமேட்டர், ஐபோனின் எக்ஸ்சியூஐடெஸ்ட், இவற்றின் மேல் ஓடும் அப்பியம் என்ற சோதனைக் கருவிகள் எல்லாம் இந்த மரத்தில்தான் தேடுகின்றன. அண்ட்ராய்டின் இன்னொரு கருவியான எஸ்பிரெஸ்ஸோ மட்டும் செயலிக்கு உள்ளேயே ஓடுவதால் நேரே அதன் வியூ அடுக்கை (திரை உறுப்புகளின் அடுக்கை) பார்க்கும்.

ஆகவே ஏதாவது கிடைக்கவில்லை என்றால் போன் திரையை முறைத்துப் பார்ப்பதில் பலன் இல்லை. மரத்தை எடுத்துப் பாருங்கள். அண்ட்ராய்டில் ஏடிபி (கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) வழியாக யூஐஆட்டோமேட்டர் டம்ப் கட்டளை கொடுத்தால் முழு மரமும் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பாக வரும். அப்பியம் இன்ஸ்பெக்டர் அதையே படத்தோடு காட்டும். திரையில் ஏதாவது சுற்றிக்கொண்டோ அசைந்துகொண்டோ இருந்தால் டம்ப் வராமல் அடம் பிடிக்கும். அசைவு நின்ற பிறகு எடுங்கள்.

எந்தக் கருவியில் எப்படித் தேடுவது?

யூஐஆட்டோமேட்டரில் முக்கியமாக நாலு வழி: முழு எழுத்தும் பொருந்த வேண்டும், எழுத்து இதில் தொடங்க வேண்டும், எழுத்துக்குள் இது எங்காவது இருக்க வேண்டும், ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்கு (எழுத்துக் கோலத்தைக் குறிகளால் சொல்லும் வடிவம்) பொருந்த வேண்டும். விவரிப்பு என்ற பண்புக்கும் இதே நாலும் உண்டு. அப்பியத்தில் இதே தேடலை யூஐஆட்டோமேட்டர் வழியாகவும் கேட்கலாம், எக்ஸ்பாத்தாலும் (மரத்தில் பாதை சொல்லித் தேடும் மொழி) கேட்கலாம். ஐபோனில் லேபிள் என்ற பண்பை பிரடிகேட் என்ற நிபந்தனை வாக்கியத்தால் தேடுவது வழக்கம். எஸ்பிரெஸ்ஸோவில் எழுத்தையும் கொடுக்கலாம், செயலியின் வாசகங்கள் எல்லாம் இருக்கும் சரப் பட்டியலில் (ஸ்ட்ரிங் கோப்பு) அந்த எழுத்துக்குரிய திறவுச்சொல்லையும் கொடுக்கலாம். இந்த இரண்டாவது வழி மொழி மாறும் செயலிகளுக்கு ஒரு வரம். கீழே வருகிறேன்.

எக்ஸ்பாத் பற்றி ஒரு சொல். எல்லோரும் முதலில் அதைத்தான் கற்கிறார்கள், இணையத்தில் உதாரணங்களும் அதில்தான் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் எக்ஸ்பாத்தில் தேட முழு மரத்தையும் எக்ஸ்எம்எல்லாக மாற்றியாக வேண்டும். பெரிய பட்டியல் உள்ள திரையில், அதுவும் பழைய போனில், அது நன்றாகவே இழுக்கும். வேறு வழி இல்லாதபோது மட்டும் எடுங்கள்.

அடையாளப் பெயர் இருக்கும்போது எழுத்தால் ஏன் தேட வேண்டும்?

பொத்தானை அழுத்துவதற்கு அடையாளப் பெயரே நல்லது. மொழிபெயர்ப்பாளர் நாளைக்கு ‘பதிவு செய்க’ என்பதை ‘பதிக’ என்று மாற்றினாலும் சோதனை உடையாது. எழுத்தால் தேட வேண்டிய இடங்கள் வேறு. கமக்காரர் ‘கீரி சம்பா’ என்று தெரிவு செய்தால் அடுத்த திரையில் ‘கீரி சம்பா’ என்றே வர வேண்டும். பிழைச் செய்தி தமிழில் வர வேண்டும். பட்டியலில் சேவையகத்திலிருந்து வரும் ஐம்பது ஊர்களில் ‘ஒட்டுசுட்டான்’ என்ற வரிசையைத் தொட வேண்டும். இவற்றில் எல்லா வரிசைக்கும் அடையாளப் பெயர் ஒன்றுதான், எழுத்துத்தான் வேறுபடுத்துகிறது.

எழுத்தால் தேடவே கூடாது என்று சில நிறுவனங்களில் சட்டம் போட்டிருக்கிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. எல்லாவற்றையும் அடையாளப் பெயரால் தொட்டு ஓடுகிற சோதனை, தமிழ்த் திரை முழுக்க ஆங்கிலம் வந்தாலும் பச்சை விளக்குக் காட்டும்.

‘கிளிநொச்சி’ திரையில் கண்முன்னே இருக்கிறது. கருவி இல்லை என்கிறது. ஏன்?

அதிகம் வரும் கேள்வி இதுதான். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இதற்குப் பதில் கிடைப்பது அரிது: ஆங்கிலத்தில் இந்தச் சிக்கலை அநேகமாக யாரும் சந்திப்பதில்லை.

கிளிநொச்சி என்பதை நாம் ஐந்து எழுத்தாகப் பார்க்கிறோம்: கி, ளி, நொ, ச், சி. யூனிகோடில் (கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொது முறை) அது பத்துக் குறியீடு. க, இகரக் கொம்பு, ள, இகரக் கொம்பு, ந, ஒகரக் குறி, ச, புள்ளி, ச, இகரக் கொம்பு. இதில் வில்லங்கம் ‘நொ’வில் இருக்கிறது. ஒகரக் குறிக்குத் தனிக் குறியீடு ஒன்று உண்டு, தசம எண்ணில் 3018. அதையே ஒற்றைக் கொம்பும் (‘கெ’யில் வருவது, 3014) காலும் (‘கா’வில் வருவது, 3006) என்று இரண்டாகவும் எழுதலாம். யூனிகோட் விதிப்படி இரண்டும் ஒன்றுக்கொன்று சமம். திரையில் ஒரு புள்ளி வித்தியாசம் கூடத் தெரியாது. ஆனால் ஒன்றின் நீளம் பத்து, மற்றதன் நீளம் பதினொன்று. ஜாவாவிலும் பைத்தனிலும் சாதாரணமாக ஒப்பிட்டால் ‘இரண்டும் வேறு’ என்று பதில் வரும். ஓகாரமும் அப்படித்தான். ஔகாரமும் அப்படித்தான்.

ஸ்விஃப்ட் மொழியில் மட்டும் சரங்களை ஒப்பிடும்போது இந்தச் சமத்தைக் கணக்கில் எடுப்பார்கள். அதனால் ஐபோன் பக்கம் எழுதுபவருக்கு அவருடைய சோதனை பாஸாகும், அண்ட்ராய்ட் பக்கம் இருப்பவருக்கு ஃபெயிலாகும். அப்புறம் இரண்டு பேருக்கும் வட்ஸ்அப்பில் சண்டை.

இரண்டாகப் பிரிந்த வடிவம் எங்கிருந்து வருகிறது? பிடிஎஃப்பிலிருந்து கொப்பி பண்ணிய ஊர்ப்பட்டியல், பாமினி என்ற பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய ஆவணம், சில விசைப்பலகைகள். பாமினியில் கொம்பு, மெய், கால் என்று மூன்று தட்டாக அடிப்போம். மாற்றி அவசரமாக எழுதப்பட்டிருந்தால் கொம்பை மெய்க்குப் பின்னால் நகர்த்திவிட்டுக் காலோடு சேர்க்காமல் விட்டுவிடும். கிளிநொச்சி, கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், நெடுங்கேணி என்று ஒரு பட்டியல் வந்தால் முதல் மூன்றும் கிடைக்காது, நெடுங்கேணி மட்டும் கிடைக்கும். அப்படி ஒரு கோலத்தைக் கண்டால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம், காரணம் இதுதான்.

சரி, அதை எப்படிக் கண்டுபிடித்துத் தீர்ப்பது?

மரத்திலிருந்து வந்த எழுத்தை எடுத்து, ஒவ்வொரு குறியீட்டின் எண்ணையும் அச்சிட்டுப் பாருங்கள். பைத்தனில் ஒரு வரி வேலை. பிரச்சினை தெரிந்தபின் இருபக்கமும் என்எஃப்சி என்ற வடிவத்துக்கு (பிரிந்து கிடக்கும் கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகச் சேர்ப்பது) கொண்டுவந்து ஒப்பிட வேண்டும். பைத்தனில் யூனிகோட்டேட்டா என்ற நூலகமும் ஜாவாவில் நோர்மலைசர் என்ற வகுப்பும் இதைச் செய்து தரும்.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கும். தேடுவது போனுக்குள் நடக்கிறது. உங்கள் ஸ்கிரிப்ட்டில் உள்ள சொல்லை என்எஃப்சி ஆக்கினாலும் மரத்தில் உள்ளது பழைய வடிவத்திலேயே இருக்கும், கருவி அதை மாற்றிப் பார்க்காது. ஒரு வழி, அந்த வகைக் கணுக்கள் எல்லாவற்றையும் எடுத்து உங்கள் பக்கத்தில் ஒப்பிடுவது. இன்னொரு வழி, ரெகுலர் எக்ஸ்பிரஷனில் இரண்டு வடிவத்தையும் ‘அல்லது’ போட்டுக் கொடுப்பது. ஆனால் சரியான வழி டெவலப்பரிடம் போய், தரவுத்தளத்தில் சேமிக்கும்போதே ஒரே வடிவமாக்கச் சொல்வதுதான். சோதனை தடுக்கி விழுந்த அதே இடத்தில், தேடல் பெட்டியில் ‘கிளிநொச்சி’ என்று தட்டிய கமக்காரரும் விழுகிறார். அவருக்கு ‘முடிவுகள் இல்லை’ என்று வரும். ஆகவே ஸ்கிரிப்ட்டில் ஒட்டுப் போடுவதற்கு முன் அதை ஒரு பிழையாகப் பதிவு செய்யுங்கள்.

என்எஃப்சி ஆக்கிய பிறகும் பொருந்தவில்லை. இன்னும் என்ன இருக்கும்?

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து, யூனிகோட் விதிப்படியும் வேறாக இருப்பவை சில உண்டு. அவற்றை என்எஃப்சி தொடாது.

‘ஸ்ரீ’ அதில் முதலாவது. அதை ஸகரத்தில் (3000) தொடங்கியும் எழுதலாம், 2998 என்ற எண்ணுள்ள இன்னொரு எழுத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். ஆட்களின் பெயர் வரும் எந்தச் செயலியிலும் இது தலைகாட்டும். அடுத்தது ஔகாரம். பௌதிகம் என்பதைக் கொம்பும் ளகரமும் போட்டு எழுதுபவர்கள் நிறைய. அப்படி எழுதினால் அது பெ, ள என்று இரண்டு எழுத்து. காலுக்குப் பதில் ரகரத்தை அடித்தவர்களையும் கண்டிருக்கிறேன்.

கண்ணுக்கே தெரியாதவையும் உண்டு. வலைப்பக்கத்திலிருந்து எடுத்த சொல்லோடு ஒட்டிவரும் பிரியா இடைவெளி (160), அகலமில்லா இணைப்பி (8205), அகலமில்லாப் பிரிப்பி (8204). ‘கீரி சம்பா’வின் நடுவில் சாதாரண இடைவெளிக்குப் பதில் 160 கிடந்தால் ஒருநாளும் பொருந்தாது. எண்களை அச்சிட்டுப் பார்த்தால் உடனே தெரியும்.

திரையில் தமிழ், மரத்தில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். செயலி கெட்டுவிட்டதா?

இல்லை. யாரோ பாமினி எழுத்துருவைச் செயலிக்குள் வைத்திருக்கிறார்கள். உள்ளே ஆங்கில எழுத்துகள்தான், மேலே தமிழ்ச் சட்டை. அந்தச் செயலியைப் பார்வையற்றோர் பாவிக்கவே முடியாது என்று அறிக்கையில் எழுதுங்கள். தமிழ் எழுத்தால் தேடும் பேச்சு அதற்குப் பிறகு.

பகுதி எழுத்தால் தேடினால் வேறு ஏதோ அழுத்தப்படுகிறது.

நெல் வகைப் பட்டியலில் நாடு, கீரி சம்பா, சம்பா என்று மூன்று இருக்கிறது என்று வைப்போம். ‘சம்பா’ உள்ளதைத் தேடு என்றால் முதலில் வருவது கீரி சம்பா. அதன் விலை வேறு. உங்கள் சோதனை கீரி சம்பாவை அழுத்தி, அடுத்த திரையில் ‘சம்பா’ இருக்கிறதா என்று அதே பகுதித் தேடலால் பார்த்து, ‘இருக்கிறது’ என்று பாஸாகிவிடும். பிழையே பிழையைச் சரிபார்த்த மாதிரி.

ஊர்ப்பெயர்களில் இது இன்னும் மோசம். எங்கள் பக்கம் ஊர்ப்பெயர் பாதி குளத்தில் முடியும், மிச்சத்தில் கொஞ்சம் மடுவில் முடியும். ‘மடு’ என்று தேடினால் இரணைமடுவும் விசுவமடுவும் வரும். ‘குளம்’ என்று தேடினால் மாங்குளம், புளியங்குளம், கனகராயன்குளம் என்று ஏ9 வீதி முழுக்க வரும். ‘கொக்கு’ என்று தொடங்குவதைத் தேடினால் கொக்குத்தொடுவாய் வரும், கொக்கிளாய் வராது. ‘கொக்’ என்று மெய்யில் நிறுத்தித் தேடினால் இரண்டுமே வரும்.

ஆகவே என் வழக்கம்: முழுப் பொருத்தம்தான் முதல் தெரிவு. எண்ணோ பெயரோ இடையில் மாறும் வாக்கியத்துக்கு மட்டும் பகுதிப் பொருத்தம். ‘25 மூடைகள் பதிவாகின’ என்பதில் ‘மூடைகள் பதிவாகின’ மட்டும் தேடலாம், ஏனென்றால் அந்தத் தொடர் வேறெங்கும் வராது.

கருவிகள் நடந்துகொள்ளும் விதமும் வேறு வேறு. ஒன்றுக்கு மேற்பட்டது பொருந்தினால் எஸ்பிரெஸ்ஸோ ‘எதைச் சொல்கிறாய்’ என்று பிழை காட்டி நின்றுவிடும். எக்ஸ்சியூஐடெஸ்ட்டும் அழுத்தப் போகும்போது மறுக்கும். யூஐஆட்டோமேட்டரும் அப்பியமும் ஒன்றைக் கேட்டால் முதலாவதைக் கையில் தந்துவிட்டுப் பேசாமல் இருக்கும். ஆகவே அவற்றில் முதலில் எத்தனை பொருந்துகிறது என்று எண்ணி, ஒன்று இல்லையென்றால் நீங்களே நிறுத்துங்கள்.

‘பரந்தன்’ என்று தேடினால் ‘பரந்தனில் பதிவானது’ என்ற வரி கிடைப்பதில்லை. பகுதித் தேடல்தானே?

பகுதித் தேடல்தான். ஆனால் ‘பரந்தன்’ புள்ளியில் முடிகிறது. உருபு சேர்ந்ததும் புள்ளி போய் அந்த இடத்தில் இகரக் கொம்பு வந்துவிடுகிறது. குறியீட்டு வரிசையில் ‘ன்’ என்பது னகரமும் புள்ளியும், ‘னி’ என்பது னகரமும் இகரக் கொம்பும். கருவி புள்ளியைத் தேடுகிறது, அது அங்கே இல்லை. மாங்குளம் இன்னும் ஒரு படி மேல்: மாங்குளத்தில் என்னும்போது மகரமே போய்விடுகிறது. நெல் செய்கையோடு சேர்ந்தால் நெற்செய்கை. கிளிநொச்சி, வவுனியா போன்றவை தப்பும்: கிளிநொச்சியில், வவுனியாவில் என்பவற்றுக்குள் மூலச்சொல் அப்படியே கிடக்கும். மன்னார் தப்பாது. உகரத்தில் முடியும் முல்லைத்தீவும் தப்பாது: முல்லைத்தீவில் என்னும்போது ‘வு’ போய் ‘வி’ வந்துவிடும்.

புள்ளியை வெட்டி ‘பரந்தன’ என்று தேடினால் இரண்டும் கிடைக்கும். இன்னும் ஒரு எழுத்தை வெட்டப் போகாதீர்கள், ‘பரந்த வயல்வெளி’ எல்லாம் வந்து விழும். டெவலப்பர் கேட்கும் நிலையில் இருந்தால் இன்னொன்று சொல்லிப் பாருங்கள்: ஊர்ப்பெயரோடு உருபை நிரலில் ஒட்டுவது தமிழுக்குச் சரிப்படாது. ‘ஊர்: பரந்தன்’ என்று தனியாகக் காட்டினால் வாசிப்பவருக்கும் தெளிவு, சோதிப்பவருக்கும் நிம்மதி. பெயரோடு நேரே ‘இல்’ ஒட்டிய ‘பரந்தன்இல்’ என்ற கொடுமையையும் தவிர்க்கலாம்.

ரெகுலர் எக்ஸ்பிரஷன் தமிழில் வேலை செய்யுமா?

செய்யும், இரண்டு நினைவோடு. யூஐஆட்டோமேட்டரில் வடிவம் முழு எழுத்துக்கும் பொருந்த வேண்டும், நடுவில் உள்ள சொல்லை மட்டும் பிடிக்க இருபக்கமும் .* போட வேண்டும். மற்றது, வடிவத்தில் போடும் புள்ளிக்குறி (.) ஒரு குறியீட்டைத்தான் பிடிக்கும், நம் கண்ணில் படும் ஓர் எழுத்தை அல்ல. ‘சொல்லெழுத்து’ என்ற சுருக்கக் குறியை (\w) நம்பாதீர்கள். பைத்தனில் அது க, ச போன்றவற்றைப் பிடித்துவிட்டுக் கொம்பிலும் புள்ளியிலும் நின்றுவிடும். ஜாவாவில் சொல்லித் தராவிட்டால் அது தமிழை எழுத்தாகவே எடுக்காது. சொல்லின் எல்லையைப் பிடிக்கிற குறிக்கும் அதே கதிதான்.

செயலி மூன்று மொழியில் ஓடுகிறது. மூன்று ஸ்கிரிப்ட் எழுத வேண்டுமா?

வேண்டாம். ஸ்கிரிப்ட்டுக்குள் தமிழ்ச் சொல்லை நேரே எழுதி வைப்பதுதான் மூன்று ஸ்கிரிப்ட்டுக்கு இட்டுச் செல்லும். செயலியின் சரப் பட்டியலில் ஒவ்வொரு வாசகத்துக்கும் ஒரு திறவுச்சொல் இருக்கும், அதன் எதிரே தமிழ், சிங்களம், ஆங்கிலம். சோதனை அந்தக் கோப்பையே வாசித்து, ஓடுகிற மொழிக்குரிய வாசகத்தை எடுத்துத் தேட வேண்டும். எஸ்பிரெஸ்ஸோவில் திறவுச்சொல்லைக் கொடுத்தால் போதும். அப்பியத்தில் தொடங்கும்போதே மொழியையும் நாட்டையும் சொல்லி விடலாம். அண்ட்ராய்ட் 13இலிருந்து செயலிக்குத் தனியாக மொழி வைக்க முடியும் என்பதால், போனின் மொழி ஒன்று, செயலியின் மொழி வேறு என்று இருக்கக்கூடும். சோதனை போனின் மொழியைப் பார்த்து முடிவெடுத்தால் ஏமாந்து போகும்.

இதில் ஒரு பொறி உண்டு. அதே கோப்பிலிருந்து எடுத்து அதே கோப்பில் உள்ளதோடு ஒப்பிடுகிறோம். தமிழ்ப் பகுதியில் யாராவது சிங்கள வாசகத்தை மாறி ஒட்டியிருந்தாலும் சோதனை பாஸாகும். ஆகவே மிக முக்கியமான நாலைந்து வாசகங்களையாவது, பணம், சம்மதம், நீக்கம் பற்றியவற்றை, கையால் எழுதி வைத்து ஒப்பிடுங்கள். தமிழ்த் திரையில் வரும் எழுத்துகளின் குறியீடுகள் தமிழ்த் தொகுதிக்குள் (2944 முதல் 3071 வரை) இருக்கின்றனவா என்று பார்க்கும் ஒரு சின்னச் சோதனையும் போடலாம். மொழிபெயர்க்காமல் விட்ட வாசகங்களை அது உடனே பிடித்துத் தரும்.

சிங்களப் பக்கத்தைச் சோதிப்பவர்களுக்கு: மேலே சொன்ன அகலமில்லா இணைப்பி தமிழில் பெரும்பாலும் குப்பை, சிங்களத்தில் அது எழுத்தின் ஒரு பகுதி. சிங்களத்தில் ‘ஸ்ரீ’ எழுதவே அது வேண்டும். தமிழுக்கு எழுதிய சுத்திகரிப்பைச் சிங்களத்துக்கும் ஓடவிட்டால் சொல் உடையும்.

விலையும் நேரமும் ஏன் ஒருநாள் பொருந்தி ஒருநாள் பொருந்தாமல் போகின்றன?

அவற்றை எழுதுவது உங்கள் டெவலப்பர் மட்டுமல்ல, போனின் மொழி அமைப்பும்தான். தமிழ் அமைப்பு எண்ணை இந்திய முறைப்படி 1,00,000 என்று பிரிக்கக்கூடும், இங்கே நாம் 100,000 என்று எழுதுவோம். ரூபா, ரூபாய், ரூ. என்று மூன்றும் ஒரே செயலிக்குள் வருவதும் உண்டு. ஆங்கில நேர வடிவில், 2022இல் வந்த சிஎல்டிஆர் (ஒவ்வொரு மொழியிலும் எண்ணும் நேரமும் எழுதும் முறைகளின் பொதுத் தரவுத்தொகுப்பு) 42ஆம் பதிப்பு, மணிக்கும் காலை மாலைக் குறிக்கும் நடுவே சாதாரண இடைவெளியை எடுத்து ஒடுங்கிய பிரியா இடைவெளியைப் போட்டது. அதைப் பின்பற்றிய நூலகங்களில் அதுவரை ஓடிய சோதனைகள் ஒரே இரவில் சிவப்பானது அதனால்தான். எழுத்தை எடுத்து, இலக்கங்களை மட்டும் பிரித்து, எண்ணாக ஒப்பிடுங்கள். வடிவத்தைச் சோதிக்க வேண்டும் என்றால் அதற்குத் தனிச் சோதனை.

ஒவ்வொரு வரிசையிலும் ‘நீக்கு’ இருக்கிறது. கீரி சம்பா வரிசையின் ‘நீக்கு’வை மட்டும் எப்படி அழுத்துவது?

மூன்றாவது ‘நீக்கு’ என்று எண்ணிப் போகாதீர்கள், வரிசை மாறும். முதலில் ‘கீரி சம்பா’வை உள்ளே கொண்ட வரிசையைப் பிடித்து, அதற்குள் ‘நீக்கு’வைத் தேடுங்கள். யூஐஆட்டோமேட்டரிலும் எஸ்பிரெஸ்ஸோவிலும் ‘இப்படியொரு பிள்ளை உள்ள’ என்ற நிபந்தனை உண்டு, ஐபோனில் செல்லைக் ‘கொண்டுள்ள’ என்று வடிகட்டலாம்.

பட்டியலின் அடியில் உள்ள ஊர் கிடைப்பதில்லை.

திரையில் வந்த வரிசைகள் மட்டுமே மரத்தில் இருக்கும். அண்ட்ராய்டில் பட்டியலைக் காட்டும் ரீசைக்ளர்வியூ மற்றவற்றை இன்னும் உருவாக்கவே இல்லை. உருட்டிக்கொண்டே தேடும் வசதி யூஐஆட்டோமேட்டரில் இருக்கிறது, அதைப் பாவியுங்கள். உருட்டல் எண்ணிக்கைக்கு ஒரு மேல் வரம்பு வையுங்கள், இல்லாத ஊரைத் தேடி விடியும்வரை உருட்டக்கூடாது.

நிரப்புப் பெட்டியின் எழுத்து ஒரு தடவை கிடைத்து மறுதடவை காணாமல் போகிறது.

அது பெட்டிக்குள் மங்கலாக நிற்கும் குறிப்பு. வெற்றுப் பெட்டியில் அண்ட்ராய்ட் அதையே எழுத்தாகக் காட்டும். ஏதாவது தட்டியதும் மறைந்துவிடும். பெட்டிகளை அடையாளப் பெயரால் பிடியுங்கள்.

ஃபிளட்டர், ரியாக்ட் நேட்டிவ், கொம்போஸ் செயலிகளில் ஏன் வேறு மாதிரி இருக்கிறது?

இவை மூன்றும் செயலியின் திரைகளைக் கட்டப் பாவிக்கும் கருவித்தொகுப்புகள். ஃபிளட்டர் தன் திரையைத் தானே வரைகிறது. அண்ட்ராய்ட் மரத்தில் அதன் எழுத்துகள் பெரும்பாலும் ‘எழுத்து’ என்ற பண்பில் வருவதில்லை, ‘விவரிப்பு’ என்ற பண்பில் வரும். ஆகவே எழுத்தால் தேடினால் வெறுங்கை, விவரிப்பால் தேடினால் கிடைக்கும். ஒரு அட்டைக்குள் உள்ள பல வரிகளை ஒன்றாக இணைத்து, நடுவில் வரி முறிப்புப் போட்டு ஒரே விவரிப்பாகத் தருவதும் உண்டு. அங்கே முழுப் பொருத்தம் பலிக்காது. ரியாக்ட் நேட்டிவில், வெளிப்பெட்டியை அணுகத்தக்கது என்று குறித்துவிட்டால் ஐபோனில் உள்ளே உள்ள எழுத்துகள் தனித்தனியாகத் தெரியாது. கொம்போஸில் எழுத்து சாதாரணமாகக் கிடைக்கும், ஆனால் சோதனைக் குறியை வெளியே உள்ள கருவி காண வேண்டுமென்றால் டெவலப்பர் அதை அடையாளப் பெயராகக் காட்டும் அமைப்பை இயக்க வேண்டும். செயலிக்குள் வலைப்பக்கம் திறந்தால் அப்பியத்தில் சூழலை வெப்வியூவுக்கு மாற்றிவிட்டுத் தேடுங்கள்.

ஐபோனில் இன்னொன்று: நீண்ட வாசகத்தை நேரடியாகத் தேடும் பெயராகக் கொடுத்தால் 128 எழுத்துக்கு மேல் எக்ஸ்சியூஐடெஸ்ட் ஏற்காது. தமிழில் கொம்பும் புள்ளியும் சேர்ந்து எண்ணப்படுவதால் இரண்டு வாக்கியத்திலேயே அந்த எல்லை வந்துவிடும். பிரடிகேட்டால் தேடுங்கள்.

எழுத்து படமாக இருந்தால்?

மரத்தில் இல்லை. படத்திலிருந்து எழுத்தை வாசிக்கும் மென்பொருள்தான் வழி. டெசரக்ட்டுக்குத் தமிழ்த் தரவு இருக்கிறது. கூகுளின் எம்எல் கிட் இரண்டாம் பதிப்பின் எழுத்து வாசிப்பு லத்தீன், சீனம், தேவநாகரி, ஜப்பானியம், கொரியம் ஆகியவற்றுக்கே வந்தது, தமிழுக்கு இல்லை. ஆனால் அந்த வழிக்குப் போகுமுன், அந்தப் படத்துக்கு ஒரு விவரிப்புச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஒரே சோதனை சில நேரம் ஓடுகிறது, சில நேரம் விழுகிறது.

பெரும்பாலும் எழுத்து வருவதற்கு முன் தேடுகிறீர்கள். அலுவலக வைஃபையில் அரை நொடியில் வரும் ஊர்ப்பட்டியல், துணுக்காய்ப் பக்கம் சிக்னல் ஒற்றைக் கோட்டில் நிற்கும்போது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஐந்து நொடி தூங்கு என்று போடுவது மருந்தில்லை. ‘இந்த எழுத்து வரும்வரை, அதிகபட்சம் முப்பது நொடி’ என்று காத்திருக்கச் சொல்லுங்கள். வந்ததும் உடனே நகரும்.

பெட்டியில் தமிழ் எழுத்தைத் தட்ட முடியவில்லை.

ஏடிபியின் உள்ளீட்டுக் கட்டளைக்குத் தமிழ் தெரியாது. அப்பியத்தின் யூஐஆட்டோமேட்டர்2 இயக்கி எழுத்தை நேரே பெட்டிக்குள் வைக்கும், அதில் தமிழ் போகும்.

சோதனை பாஸ். ஆனால் கமக்காரர் பாதிச் சொல்தான் தெரிகிறது என்கிறார்.

அவர் சொல்வது சரி. ‘புதுக்குடியிருப்பு’ சின்னத் திரையில் ‘புதுக்குடி…’ என்று வெட்டுப்பட்டாலும் அண்ட்ராய்ட் மரத்தில் முழுச் சொல்லும் இருக்கும், எழுத்துத் தேடல் இதைக் காணாது. எழுத்தளவைப் பெரிதாக வைத்து, சிறிய திரையில் ஓடவிட்டு, ஒவ்வொரு திரையையும் படம் எடுத்துக் கண்ணால் பாருங்கள். வயதானவர்கள் போனில் எழுத்தைப் பெரிதாக்கித்தான் வைத்திருப்பார்கள்.

நல்ல கணினி இல்லை. எதில் தொடங்குவது?

எமுலேட்டர் (கணினிக்குள் ஓடும் போலிப் போன்) நினைவகத்தைத் தின்னும், அதை விடுங்கள். பாவித்த அண்ட்ராய்ட் போன் ஒன்றும் டேட்டா போகும் யூஎஸ்பி வயரும் போதும். டெவலப்பர் வசதிகளைத் திறந்து யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்குங்கள். அப்பியமும் இன்ஸ்பெக்டரும் இலவசம். ஸ்கிரிப்ட் எழுத அவசரப்படாமல், உங்கள் போனில் உள்ள ஏதாவது ஒரு தமிழ்ச் செயலியைத் திறந்து மரத்தை எடுங்கள். அதில் கொம்பும் காலும் பிரிந்து கிடக்கும் சொல் ஒன்றாவது இருக்கிறதா என்று எண்களை அச்சிட்டுத் தேடுங்கள்.